மூன்றாம் மாடியில் இருப்பது யார்?



இன்று எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, பழைய நாவல்களைப் புதிதாக எழுதுவது பற்றியது. ஊரறிந்த ஒரு நாவல் இருக்கிறது. அதே கதையை இன்னொருவர், இன்னொரு காலத்தில், தன் போக்கில் திரும்ப எழுதுகிறார். நமக்குக் கதை தெரியும். முடிவும் தெரியும். யார் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள், யார் சாகப் போகிறார்கள் என்பது வரை தெரியும். தெரிந்த கதையைக் காசு கொடுத்து வாங்கி, ராத்திரி கண்விழித்துப் படிக்கிறோமே, ஏன்?

பதிப்பாளரைக் கேட்டால், "தெரிஞ்ச பேருக்கு விற்பனை உண்டு சார்" என்பார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது புத்தகத்தை வாங்கியதற்குக் காரணம். படித்து முடித்ததற்கு அது காரணமாகாது. வேறு சிலர், பழகிய மனிதர்கள், பழகிய வீடு, அதனால் பிடிக்கிறது என்பார்கள். அப்படியானால் பழைய புத்தகத்தையே இன்னொரு தரம் படித்துவிட்டுப் போகலாமே? அது நூலகத்தில் இலவசமாகவே கிடைக்குமே?

என் கட்சி வேறு. பெரிய நாவல் எதைப் படித்தாலும் நமக்கு உள்ளுக்குள் ஒரு வழக்கு மிஞ்சிவிடுகிறது. 'இந்த ஆளை ஆசிரியர் இப்படி அம்போவென்று விட்டுவிட்டாரே' என்று ஓர் உறுத்தல். ஆசிரியர் மேதை, நாவல் காவியம், நாம் யார் கேட்பதற்கு என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறோம். பல வருஷம் கழித்து யாரோ ஒருவர் வந்து அந்த வழக்கை நமக்காக எடுத்து நடத்துகிறார். அந்த விசாரணையைக் கேட்கத்தான் போகிறோம்.

எடுத்துக்காட்டு இல்லாமல் பேசினால் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே கதைக்கு வருகிறேன்.

1847-இல் லண்டனில் ஒரு நாவல் வெளிவந்தது. அட்டையில் கரர் பெல் என்று பெயர். ஆணா, பெண்ணா என்று யாருக்கும் பிடிபடாத பெயர். எழுதியவர் யார்க்ஷயரில் ஒரு பாதிரியாரின் மகள், ஷார்லட் ப்ராண்டே. நாவலின் பெயர் 'ஜேன் அயர்'. படித்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். அடேயப்பா, இவ்வளவு பேரை நான் எதிர்பார்க்கவில்லை. படிக்காதவர்களுக்காக ரெண்டு நிமிஷம்.

ஜேன், தாய் தகப்பன் இல்லாத பெண். தார்ன்ஃபீல்டு என்ற மாளிகைக்கு ஒரு சிறுமிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வருகிறாள். வீட்டுக்காரர் ரோச்செஸ்டர். மூன்றாம் மாடியிலிருந்து அவ்வப்போது ஒரு சிரிப்பு கேட்கிறது. யார் என்று விசாரித்தால், அங்கே உட்கார்ந்து தைக்கிற கிரேஸ் பூல் என்கிறார்கள். ஜேனுக்கும் ரோச்செஸ்டருக்கும் காதல் வந்து, கல்யாணம் வரைக்கும் போகிறது. தேவாலயத்தில் சடங்கு நடக்கும்போது ஒரு வக்கீல் குறுக்கிட்டு, இந்தக் கல்யாணம் செல்லாது, மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள் என்கிறார். எல்லோரும் மாடி ஏறிப் போய்ப் பார்க்கிறார்கள். பூட்டிய அறைக்குள் ஓர் உருவம் நாலு காலில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. பெர்த்தா மேசன். ஜமைக்காவில் 30,000 பவுன் சீதனத்தோடு கட்டிக்கொண்டு வந்த பெண்.

இந்த பெர்த்தா நாவலில் என்னவெல்லாம் செய்கிறாள்? சிரிக்கிறாள். உறுமுகிறாள். கூடப் பிறந்தவனையே கடிக்கிறாள். ஜேனின் கல்யாண முகத்திரையைக் கிழிக்கிறாள். கடைசியில் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டுக் கூரையிலிருந்து குதித்துச் சாகிறாள். ஒன்றை மட்டும் செய்வதில்லை. நம் காது கேட்க ஒரு வாக்கியம் பேசுவதில்லை.

நாம் ஜேன் பக்கம்தான். அவள் நல்ல பெண், கஷ்டப்பட்டவள், அவளுக்கு நல்லது நடக்கட்டும். ஆனால் புத்தகத்தை மூடிவைத்த பிறகும் ஒரு கேள்வி போகமாட்டேன் என்கிறது. மாடியில் இருந்தவள் பைத்தியம் என்று நமக்குச் சொன்னது யார்? பூட்டி வைத்த புருஷன்தானே? அவள் சீதனத்தை வாங்கிக்கொண்டவன்தானே? ஒருதலைப்பட்சமாக ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதலாமா?

இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்ட வாசகி ஒருத்தி இருந்தாள். பெயர் ஜீன் ரீஸ். கரீபியக் கடலில் டொமினிகா என்ற சின்னத் தீவில் 1890-இல் பிறந்தவர். வெள்ளைக்காரக் குடும்பம்தான், ஆனால் தீவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளையர். பதினாறு வயதில் இங்கிலாந்துக்கு வந்தபோது அங்கே யாரும் அவரைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பர்களுக்கும் அந்நியம், வெள்ளையர்களுக்கும் அந்நியம். இப்போது சொல்லுங்கள், தீவிலிருந்து வந்த பெர்த்தாவைப் படிக்கும்போது இந்தப் பெண்ணுக்கு வயிறு எரியுமா, எரியாதா?

ரீஸ் 1939 வரை நாலு நாவல்கள் எழுதினார். பிறகு ஆளையே காணோம். செத்துப்போய்விட்டார் என்றே பலர் நினைத்தார்கள். 1949-இல் அவருடைய நாவல் ஒன்றை வானொலிக்கு ஆக்க நினைத்த நடிகை ஒருவர், இவர் எங்கே இருக்கிறார் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தேடவேண்டியிருந்தது. அந்த ரீஸ், டெவன் பக்கத்தில் ஒரு கிராமத்துக் குடிலில் உட்கார்ந்து, எழுதுவதும் அடிப்பதுமாக இழுத்து இழுத்து, 1966-இல் 'வைட் சார்காசோ ஸீ' நாவலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 76.

நாவலில் பெர்த்தாவுக்கு வேறு பெயர். அன்டோனெட். பெர்த்தா என்பது புருஷன் பிற்பாடு சூட்டிய பெயர். அடிமைமுறை ஒழிந்த பிறகு, ஜமைக்காவில் பாழடைந்துகொண்டிருக்கிற ஒரு தோட்ட மாளிகையில் வளர்கிற சிறுமி அவள். அந்த வீட்டில் ஒரு கிளி இருக்கிறது. யார் அங்கே, யார் அங்கே என்று கேட்டு, தன் பெயரைத் தானே பதிலாகச் சொல்லிக்கொள்ளும் கிளி. மாற்றாந்தகப்பன் அதன் இறக்கையை வெட்டிவிட்டிருக்கிறான். ஒருநாள் ராத்திரி, பழைய அடிமைகளின் கூட்டம் வந்து வீட்டைச் சூழ்ந்துகொள்ள, வீடு பற்றி எரிகிறது. குடும்பம் வெளியே ஓடுகிறது. மேலே மாடத்துக் கம்பியில் அந்தக் கிளி. பறக்கப் பார்க்கிறது. இறக்கை இல்லை. சிறகில் தீப்பிடித்து, கத்திக்கொண்டே கீழே விழுகிறது. கிளி சாவதைப் பார்ப்பது அபசகுனம் என்று கூட்டம் அப்படியே அடங்கிப்போகிறது.

இந்த இடத்தில் ரீஸ் ஒரு வார்த்தை விளக்கம் சொல்வதில்லை. அவர் எதற்குச் சொல்லவேண்டும்? தீப்பிடித்த வீடு, மேலிருந்து விழும் உயிர் என்றதும் நமக்கு உடம்பு சிலிர்த்துவிடுகிறது. இந்தச் சிறுமி வளர்ந்து எந்த வீட்டுக் கூரையிலிருந்து விழப்போகிறாள் என்பது நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. 119 வருஷத்துக்கு முன்னால் வேறொருத்தி எழுதி வைத்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த ருசி நமக்குப் புதிதா என்ன? பதினெட்டாம் போர்க் கூத்து பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். துரியோதனன் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்து விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்களா ஜனங்கள்? அவன் சாகத்தான் போகிறான் என்பது தெரிவதால்தான், அவன் ஒவ்வொரு தரம் தொடை தட்டும்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. முடிவு தெரிந்தால் சுவாரஸ்யம் போய்விடும் என்பது துப்பறியும் கதைக்குப் பொருந்தும். மற்றதற்குப் பொருந்தாது.

ரீஸின் நேர்மையையும் சொல்லவேண்டும். கதையின் நடுப்பகுதியைப் பெரும்பாலும் அந்தப் புருஷனையே சொல்ல விடுகிறார். அவனும் பாவம்தான்; அண்ணனுக்குச் சொத்து போய்விட்ட இரண்டாவது பிள்ளை; அப்பனும் அண்ணனும் சேர்ந்து கடல்தாண்டி அனுப்பி விற்ற மாப்பிள்ளை; வெயிலும் பச்சையும் மணமும் அவனை மிரட்டுகின்றன. எதிர்க்கட்சியையும் பேச விட்டு வாதாடுகிறார் ரீஸ். முடிவில் தீயை நடந்த சம்பவமாக அவர் எழுதவில்லை. கையில் மெழுகுவத்தியோடு அவள் இருட்டு நடையில் இறங்கிப் போகிறாள், நாவல் நின்றுவிடுகிறது. மிச்சத்தை நீங்கள் ஏற்கெனவே படித்தாயிற்றே!

சரி, எல்லா வழக்கும் கொலை வழக்காகவா இருக்கும்? சில்லறை வழக்குகளும் உண்டு. துணி துவைக்கிற வழக்கு ஒன்று சொல்கிறேன்.

ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்', 1813. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று எலிசபெத் மூன்று மைல் சேற்றில் நடந்து நெதர்ஃபீல்டு மாளிகைக்குப் போகிறாள். உள்பாவாடையெல்லாம் சேறு. அங்குள்ள சீமாட்டிகள் முகம் சுளிக்கிறார்கள். டார்சிக்கோ, நடந்து வந்ததில் அவள் கண்கள் பளிச்சென்று தெரிகின்றன. இருநூறு வருஷமாக நாமும் டார்சியோடு சேர்ந்து அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2013-இல் ஜோ பேக்கர் என்ற எழுத்தாளர் 'லாங்போர்ன்' என்று ஒரு நாவல் எழுதி, நம் பார்வையைக் கண்ணிலிருந்து பாவாடைக்கு இறக்கினார். அதே பென்னட் வீடு. ஆனால் கதை நடப்பது அடுக்களையில், கிணற்றடியில். வேலைக்காரப் பெண் சாரா, விடியுமுன் எழுந்து, குளிரில் தண்ணீர் இறைத்து, சவுக்காரத்தில் வெடித்த விரல்களோடு அந்தச் சேற்றைத் தேய்க்கிறாள். தன் பாவாடையைத் தானே துவைக்கவேண்டி இருந்தால் எலிசபெத் அம்மா இன்னும் கொஞ்சம் பார்த்து நடந்திருப்பாரே என்று அவளுக்குத் தோன்றுகிறது.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் துணி துவைப்பது யார்? மிஷின் என்பீர்கள். மிஷினுக்குள் போடுவது யார், எடுத்து உலர்த்துவது யார்? அதை வீட்டுக்குப் போய் விவாதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நுட்பம் பாருங்கள். ஆஸ்டினில் விடாமழை பெய்கிற நாட்களில், நடன விருந்துக்கு வேண்டிய செருப்பு ரோஜாக்கள், அதாவது காலணியில் வைக்கிற நாடாப் பூக்கள், வேறு யார் மூலமாகவோ வாங்கப்பட்டுவிட்டன என்று போகிறபோக்கில் ஒரு வரி. யார் போய் வாங்கினார்கள்? ஆஸ்டினுக்கு அது முக்கியமில்லை. பேக்கர் அந்த வரியைப் பிடித்துக்கொள்கிறார். பெண்கள் நனையக்கூடாத அந்த மழையில் சாரா நனைந்துகொண்டு போகிறாள். எனக்கு இந்த நாவலில் காதல் கதையைவிட இந்த இடம்தான் பெரிதாகப்பட்டது. மூலத்தில் ஒரு வாக்கியத்தையும் மாற்றவில்லை. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இருந்த ஆளைக் கூப்பிட்டு வந்துவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்து அமெரிக்காவுக்குப் போவோம். மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' 1884 கடைசியில் இங்கிலாந்திலும், மறு வருஷம் அமெரிக்காவிலும் வந்தது. சிறுவன் ஹக்கும், தப்பி ஓடிவந்த அடிமை ஜிம்மும் மிசிசிப்பி ஆற்றில் தெப்பத்தில் போகிறார்கள். 800 டாலருக்குத் தன்னைத் தெற்கே விற்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் ஓடிவந்தவன் ஜிம். அந்தத் தெப்பத்துப் பக்கங்களை யார் மறக்க முடியும்? ஆனால் கடைசி அத்தியாயங்களுக்கு வந்தால் டாம் சாயர் நுழைந்து, பிடிபட்ட ஜிம்மை விடுவிப்பதை ஒரு சாகச விளையாட்டாக்கிவிடுகிறான். ஜிம்முக்கு ஏற்கெனவே விடுதலை எழுதிவைத்தாயிற்று, அது டாமுக்குத் தெரியும், தெரிந்தும் விளையாடுகிறான். ட்வைனை வானளாவப் புகழ்ந்த ஹெமிங்வேயே அந்த இடத்துக்கு முன்னால் படிப்பதை நிறுத்திவிடுங்கள் என்றார். இதுவும் மிஞ்சிப்போன வழக்குதான்.

2024-இல் பெர்சிவல் எவரெட் 'ஜேம்ஸ்' எழுதினார். அமெரிக்க தேசியப் புத்தக விருது, அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு. கதை சொல்கிறவன் ஜிம், அதாவது ஜேம்ஸ். எழுதப் படிக்கத் தெரிந்தவன். தொடக்கத்திலேயே ஒரு காட்சி வருகிறது. அடிமைக் குடிசையில் குழந்தைகளை உட்காரவைத்து ஜேம்ஸ் பாடம் நடத்துகிறான். என்ன பாடம்? வெள்ளைக்காரர்கள் முன்னால் எப்படிக் கொச்சையாகப் பேசுவது என்று. தங்களுக்குள் அவர்கள் பேசுவது திருத்தமான ஆங்கிலம். எசமானியம்மா அடுக்களையில் தீப்பிடித்தால் என்ன சொல்லவேண்டும்? 'தீ!' என்று கத்தக்கூடாது. அவரே கண்டுபிடித்தமாதிரி அவருக்குத் தோன்றும்படி, தடுமாறித் தடுமாறி ஏதாவது சொல்லவேண்டும். அவர்கள் தங்களை உயர்வாக நினைத்துக்கொள்ளும் மட்டும் நம் தோலுக்கு ஆபத்தில்லை.

சிரிப்பு வருகிறது. சிரித்து முடிக்குமுன் தொண்டை அடைக்கிறது. ட்வைனின் நாவல் முழுக்க ஜிம் பேசிய கொச்சைப் பேச்சை நாம் நிஜமென்று நம்பினோமே, அது நமக்கு முன்னால் அவன் போட்ட வேஷமா? ஹக் மட்டுமில்லை, நாமும் ஏமாந்தோமா? பழைய புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் பின்னோக்கி மாறுகிறது. எழுதுவதற்கு ஒரு துண்டுப் பென்சில் வேண்டுமென்கிறான் ஜேம்ஸ். திருடிக் கொண்டுவந்து கொடுத்தவனைத் தூக்கில் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பென்சிலால் எழுதுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன கனம்! ஹக்கைப் பற்றி எவரெட் இன்னொரு குண்டையும் தூக்கிப் போடுகிறார். அதை நான் சொல்லமாட்டேன்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம். கீழே இருந்தவரை மேலே வைத்து, மேலே இருந்தவரைக் கீழே தள்ளினால் போதுமா, அதுதான் சூத்திரமா என்று. போதாது ஐயா. போதவே போதாது. அப்படி வரும் நாவல்கள் மலிந்துவிட்டன. பழைய வில்லன் நல்லவன், பழைய நல்லவன் வில்லன், முதல் அத்தியாயத்திலேயே தீர்ப்பு. ஆஸ்டின் கதைக்குள் பிணங்களை எழுப்பி நடக்கவிட்ட புத்தகம்கூட 2009-இல் வந்து சக்கைப்போடு போட்டது. நானும் கொஞ்ச தூரம் சிரித்தேன்; பிறகு கொட்டாவி வந்தது. அங்கே வேடிக்கை இருந்தது, வழக்கு இல்லை.

வழக்கை எப்படி நடத்துவது என்பதற்கு அல்ஜீரியாவைப் பாருங்கள். ஆல்பெர் காம்யுவின் 1942 நாவலை நாம் 'அந்நியன்' என்று தமிழிலேயே படித்திருக்கிறோம். கடற்கரை வெயிலில் மெர்சோ ஓர் அரேபியனைச் சுட்டுக் கொல்கிறான். செத்தவனுக்குப் பெயர் கிடையாது. நீதிமன்றமும் செத்தவனைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. சுட்டவன் தன் தாயின் சாவுக்கு ஏன் அழவில்லை என்றுதான் குடைகிறது. 2013-இல், ஓரான் நகரத்துப் பத்திரிகையாளர் காமெல் தாவூத் ஒரு நாவல் எழுதி, செத்தவனுக்கு மூசா என்று பெயர் வைத்தார். மூசாவின் தம்பி ஹாரூன், கிழவனாகி, ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து கதை சொல்கிறான். பிணம்கூடக் கிடைக்காத அண்ணன். பத்திரிகைத் துணுக்கை மடித்து வைத்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிற அம்மா.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல கோபமான நாவலாக இருந்திருக்கும். தாவூத் நிறுத்தவில்லை. 1962 ஜூலையில் நாடு விடுதலை அடைகிறது. ஒன்றிரண்டு நாளில், நடுநிசி தாண்டி, அம்மா பின்னால் நிற்க, ஹாரூன் ஒரு பிரெஞ்சுக்காரனைச் சுட்டுக் கொல்கிறான். அவனையும் விசாரிக்கிறார்கள். எதற்காக? கொன்றதற்காக அல்ல. ஜூலை 5-க்கு முன்னால் ஏன் கொல்லவில்லை என்று! முன்னால் கொன்றிருந்தால் தியாகி. பின்னால் கொன்றதால் சங்கடம். மெர்சோவின் நீதிமன்றத்தில் கேட்ட அதே அபத்தம் இப்போது சொந்த நாட்டு அதிகாரியின் வாயில். பறிகொடுத்தவனே கொன்றவனின் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டான். காம்யுவோடு சண்டை போட வந்தவர், காம்யு எதற்குள் புகுந்து பார்த்தாரோ அதற்குள் இன்னும் ஓரடி போய்விடுகிறார். இதைப் படித்த பிறகு 'அந்நியன்' சிறுத்துப்போகிறதா? நான் மறுபடி எடுத்துப் படித்தேன்.

மூலத்தையே படிக்காதவர்களும் ரசிக்கிறார்களே, அவர்களுக்கு என்ன வழக்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2000-இல் ராஜீவ் மேனன் எடுத்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' படித்திருப்பார்கள்? தபு எலினார், ஐஸ்வர்யா ராய் மேரியன், மம்மூட்டி கர்னல் பிராண்டன். 1811-இல் இங்கிலாந்தில் ஆண்வாரிசுக்குச் சொத்து போய், தாயும் பெண்களும் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். இங்கே செட்டிநாட்டு வீட்டில் ஓர் உயில் திறக்கிறது, தாயும் பெண்களும் சென்னைக்குக் குடிபெயர்கிறார்கள். ஆஸ்டினைத் தெரியாதவருக்கும் அந்தக் காட்சி புரிய யாரும் உரை எழுதவேண்டியதில்லை. நம் அத்தைகள் அப்படிக் கிளம்பியிருக்கிறார்கள். பார்பரா கிங்சால்வர் 2022-இல் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' கதையை வர்ஜீனியா மலைப்பகுதிக்குக் கொண்டுபோய், வலிநிவாரணி மாத்திரைப் போதையில் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளின் கதையாக்கினார். டிக்கன்ஸ் தொடுத்த வழக்கே இன்னும் முடியவில்லை என்றால் புது ஆள் வந்து மேல்முறையீடு செய்யத்தானே வேண்டும்?

மூலத்தின் உரிமைக்காரர்கள் இதற்குப் பயப்படுவதும் உண்டு. 'கான் வித் த விண்ட்' நாவலின் அடிமைகள் பக்கத்திலிருந்து ஆலிஸ் ராண்டல் 2001-இல் ஒரு நாவல் எழுதியபோது, உரிமைக்காரர்கள் நிஜமான நீதிமன்றத்துக்கே போனார்கள். முதலில் தடை கிடைத்தது. மேல் நீதிமன்றம் தடையை நீக்கியது. மறு வருஷம் சமரசமானது. புத்தகம் இன்றும் கடையில் இருக்கிறது. 'கான் வித் த விண்ட்' நாவலும் அதே கடையில் இருக்கிறது. ஒன்று வந்ததால் மற்றது காணாமல் போய்விடவில்லை.

நேரமாகிவிட்டதென்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும் கேட்டுவிட்டு உட்காருகிறேன்.

நம் தமிழில் புராணத்தோடு இப்படி வழக்காடியவர்கள் இருக்கிறார்கள். 1943-இல் புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில், சீதையை ராமன் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்ட அகலிகையை மறுபடி கல்லாக்கினார். ராமனோடு வழக்காடத் தயங்காத நாம், நம் நாவல்களோடு ஏன் இவ்வளவு மரியாதையாக இருக்கிறோம்? 'மோகமுள்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். பாபுவும் யமுனாவும் நமக்கு மனப்பாடம். கும்பகோணத்தில் பாபுவின் பக்கத்து வீட்டில், கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட தங்கம்மா என்ற சின்னப் பெண் இருந்தாளே, நினைவிருக்கிறதா? ஓர் இரவு அவனிடம் வருகிறாள். பிறகு அவன் விலகிக்கொள்கிறான். அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். பாபுவுக்குக் குற்ற உணர்ச்சி, பாபுவுக்குச் சங்கீதம், பாபுவுக்கு யமுனா. தி. ஜானகிராமன் எழுதியதில் நான் குற்றம் காணவில்லை. அது பாபுவின் நாவல். ஆனால் அந்தக் கிழவர் வீட்டில் பகல்பொழுது எப்படிப் போனது? அவளை அங்கே கொண்டுவந்து விட்டது யார், எவ்வளவு கடனுக்கு? அவன் ராத்திரி பாட்டுச் சாதகம் செய்யும்போது சுவருக்கு இந்தப் பக்கம் அவள் காதில் என்ன விழுந்தது?

முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் மாணவிகளைப் பார்த்துத்தான் கேட்கிறேன். யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.